முப்பத்தெட்டு வயதில் பட்டம் வாங்கிய கட்டடக் கலைஞர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, கல்லூரி நினைவுகளையே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஹாஸ்டல் சாம்பார், கடைசி பெஞ்ச், என்.சி.சி. பரேடு எல்லாவற்றையும் போன மலரிலேயே நண்பர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் வேறு ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அவர் நம்ம கல்லூரி மாணவர் இல்லை, நம்ம ஊர்க்காரரும் இல்லை. ஆனால் நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் வாழ்ந்தவர். பெயர் ஜெஃப்ரி பாவா. இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டு பிளான் போட்டும், கடைகளுக்கு உள் அலங்காரம் செய்தும் பிழைக்கிற எனக்கு, அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிற வாழ்க்கை அவருடையது.

அவர் 1919 ஜூலை 23ந் தேதி கொழும்பில் பிறந்தார். அப்பா பெஞ்சமின் பாவா பெரிய வக்கீல். முஸ்லிம் ரத்தமும் ஆங்கில ரத்தமும் கலந்த குடும்பம். அம்மா பெர்த்தா டச்சு பர்கர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஜெஃப்ரி சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் பெவிஸ் பத்து வயது மூத்தவர். பிற்காலத்தில் தோட்டக்கலையில் பேர் வாங்கியவர்.

இந்தக் கலப்புக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டச்சுக்காரர்கள் கொழும்பைப் பிடித்தது 1656ல். நம்ம தூத்துக்குடியைப் பிடித்தது 1658ல். முத்துக்குளிப்பையும் துணி வியாபாரத்தையும் குறிவைத்து வந்தவர்கள், இந்தக் கரையையும் கொழும்பிலிருந்துதான் நிர்வகித்தார்கள். அவர்கள் காலத்துக் கொழும்பு, காலி வீடுகளில் தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், உள்ளே முற்றம், மேலே சரிந்த ஓட்டுக்கூரை இருக்கும். நம்ம பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு இது புதுசா இருக்காது. பாவா பின்னால் கையில் எடுத்துக்கொண்டது இந்த முற்றத்தைத்தான்.

ஆனால் அதற்கு ரொம்ப நாள் ஆனது. கொழும்பு ராயல் கல்லூரி முடித்து 1938ல் கேம்பிரிட்ஜ் போய்ப் படித்தது ஆங்கில இலக்கியம். பிறகு சட்டம். 1944ல் லண்டனில் வக்கீலாகப் பதிவு செய்தார். 1946ல் ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் ஒரு சட்ட ஆபீஸில் உட்கார்ந்தார். மனம் ஒட்டவில்லை. அந்த வருஷமே அம்மாவும் இறந்துவிட, உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார். இத்தாலியில் ஓர் ஏரிக்கரை பங்களாவை வாங்கி அங்கேயே தங்கிவிடலாம் என்று பார்த்தார்; அது நடக்கவில்லை. 1948ல் திரும்பி வந்து, பெந்தோட்டை பக்கம் ஏரியோரமாக இருந்த பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதன் பெயர் லுணுகங்க. சிங்களத்தில் உப்பு ஆறு என்று அர்த்தம். நம்ம ஊர் உப்பாற்று ஓடை மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

தோட்டத்தை இஷ்டப்படி வெட்டித் திருத்தத் தொடங்கினார். எங்கே மரம் நிற்கணும், எங்கே வெளி தெரியணும் என்று மனசுக்குள் இருந்ததே தவிர, அதைக் கட்டி எழுப்புகிற சாஸ்திரம் கைவசம் இல்லை. உறவினர் ஒருவர் யோசனை சொல்ல, கட்டடக்கலை படிப்பது என்று முடிவெடுத்தார். 1951ல் கொழும்பின் பழைய நிறுவனமான எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்கில், மிஞ்சியிருந்த ஒரே பங்குதாரரான ரீடிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். மறு வருஷமே ரீட் இறந்துபோனார். அதன் பிறகு லண்டனில் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளிக்குப் போய், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பையன்களோடு உட்கார்ந்து படித்து, 1957ல் தேறினார். அப்போது வயது முப்பத்தெட்டு.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியோ பி.காமோ படித்துக்கொண்டு நோட்டுப் பின்பக்கம் வீடு வரைந்துகொண்டிருக்கும் தம்பி, தங்கைகள் இதைப் படித்துத் துள்ள வேண்டாம். பாவாவுக்குக் குடும்பச் சொத்து இருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் கார் வைத்திருந்தவர் அவர். வழி தெரியாமல் பத்து வருஷம் சுற்றவும், மறுபடி பள்ளிக்கூடம் போகவும் பணம் தாங்கியது. நம்ம நாட்டில் 1972ம் வருஷத்துச் சட்டப்படி, அங்கீகரித்த பட்டத்தோடு கவுன்சிலில் பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட முடியாது. பி.ஆர்க். ஐந்து வருஷம். உள் அலங்காரத் தொழிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதையும் தெரிந்துகொண்டே ஆசைப்படுங்கள்.

திரும்பி வந்த பாவா, ஆள் இல்லாமல் கிடந்த அந்தப் பழைய நிறுவனத்தையே எடுத்து நடத்தினார். 1959 வாக்கில் உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க் இளைஞர் சேர்ந்தார். அதற்கு முன் அவர் கண்டியில் மின்னெட் டி சில்வாவிடம் வேலை பார்த்தவர். இந்த அம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். பாவா படித்து முடிப்பதற்கு வெகு முன்பே, ஊர்க் கைவினைஞர்களை வைத்து நவீன வீடு கட்டிக் காட்டியவர் அவர். பேரும் பணமும் மட்டும் அவருக்கு அந்த அளவு வந்து சேரவில்லை.

பாவாவின் ஆபீஸ் எப்படி நடந்தது என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். வெறும் என்ஜினியர்களும் டிராஃப்ட்ஸ்மேன்களும் மட்டும் நிறைந்த இடமாக அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. லக்கி சேனநாயக்க என்ற ஓவியர் வரைபடப் பலகையில் உட்கார்ந்தார். மனையில் நிற்கிற மரத்தை நாம் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவோம். அங்கே அது எந்த மரம் என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம், அப்படி வரைவார்கள். மரத்தை வெட்டாமல் கட்டடத்தை வளைப்பது அங்கே வழக்கம். பார்பரா சன்சோனி கைத்தறியில் நிறங்களைக் கொண்டு வந்தார். ஈனா டி சில்வா பாத்திக் துணி செய்தார். இஸ்மெத் ரஹீம் கட்டடமும் வரைவார், ஓவியமும் தீட்டுவார். கட்டி முடித்த பிறகு கடைக்குப் போய்த் திரைச்சீலை வாங்குகிற உள் அலங்காரம் இல்லை அது. அஸ்திவாரம் போடும்போதே தறிக்காரரும் தச்சரும் உள்ளே இருந்தார்கள்.

அதற்கு ஒரு கஷ்டமும் காரணம். 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணி இல்லை. இறக்குமதிக்கு கடுமையான கட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் வெளிநாட்டுச் சாமான்களும் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருப்பது மண்ஓடு, செங்கல், கருங்கல், தென்னை, முதிரை மரம். சரி, இதை வைத்தே செய்வோம் என்று இறங்கினார்கள். கொழும்பில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு (1960–62) அப்படி வந்ததுதான். நெருக்கமான நகர மனையில், நடுவே பெரிய முற்றம், கருங்கல் அடி வைத்த மரத்தூண்கள், சுற்றிலும் தாழ்வாரம். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகள் நாலு பக்கமும் இடம் விட்டு நடுவில் பங்களா கட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தபோது, இது சுவரை வேலியாக்கி வானத்தை உள்ளே கொண்டுவந்தது. பிற்காலத்தில் அந்த மனை வேறு தேவைக்குப் போனபோது, வீட்டைக் கல் கல்லாகக் கழற்றி, எண் போட்டு, லுணுகங்கவுக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள்.

கூரை விஷயமும் சொல்லவேண்டும், கொத்தனார் அண்ணாச்சிகள் இதைக் கேட்டால் ரசிப்பார்கள். நாட்டு ஓடு அழகு. ஆனால் காற்றும் மழையும் சேர்ந்தால் ஒழுகும். நெளிவு சிமெண்ட் ஷீட் ஒழுகாது. ஆனால் பார்க்க கோடவுன் மாதிரி இருக்கும், அனலும் இறங்கும். இவர்கள் ஷீட்டைக் கீழே போட்டு, அதன் நெளிவுகளில் அரைவட்ட ஓட்டை அடுக்கினார்கள். மழைக்கு ஷீட், வெயிலுக்கும் கண்ணுக்கும் ஓடு. தீவு முழுக்க அது பரவியது. (ஆஸ்பெஸ்டாஸ் கெடுதல் என்று இன்று தெரியும், அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.)

பிளெஸ்னர் 1966–67 வாக்கில் விலகினார். முதல் பத்து வருஷக் கட்டடங்களில் எது யாருடைய யோசனை என்ற பேச்சு அதன் பிறகும் ஓயவில்லை. பிற்காலத்தில் பிளெஸ்னர் தன் நினைவுகளைப் புத்தகமாகவே எழுதினார். உலகம் என்னவோ எல்லாவற்றையும் பாவா பேரில்தான் வரவு வைத்தது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். என் ஆபீஸில் பதினொரு வருஷம் வரைந்த ஒரு தம்பி உண்டு. நான் பரிசு வாங்கிய ஒரு வீட்டின் மாடிப்படி அவன் யோசனை. மேடையில் நான் அதைச் சொல்லவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சித்திரையில் வேலையை விட்டுப் போய்விட்டான். இதை இந்த மலரில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

பிளெஸ்னருக்குப் பிறகு பாவாவுக்குக் கூட்டாளியானவர் ஒரு தமிழர், என்ஜினியர் பூலோகசுந்தரம். 1967லிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் அந்தக் கூட்டு நின்றது. பாவா மனையில் நடந்து, கையை நீட்டி, இங்கே சுவர் அங்கே வெளி என்று காட்டுகிற ஆள். கணக்கு, கம்பி, கான்ட்ராக்டர், தேதி எல்லாம் பூலோகசுந்தரம் தலையில். பெந்தோட்டை பீச் ஹோட்டல் (1967–69) அப்படி எழுந்தது. கோட்டை மாதிரிக் கருங்கல் அடி, உள்ளே குளமும் ஈழத்தலரி மரங்களும், வரவேற்பு மண்டபத்துக் கூரையடியில் ஈனாவின் பாத்திக். பிற்காலத்தில் அந்த ஹோட்டலைப் பலவிதமாக மாற்றிவிட்டார்கள்.

1971ல் இலங்கையில் கிளர்ச்சி. வேலை குறைந்தது. பாவா வெளியே வேலை தேடினார். அப்போதுதான் நம்ம பக்கமும் வந்தார். சென்னை கன்னிமாரா ஹோட்டலைத் திருத்தி அமைத்தார். மதுரை கோச்சடையில் மதுரா மில் அதிகாரிகளின் கிளப்பைக் கட்டினார். மதுரா மில் என்றால் ஹார்வி கம்பெனி. 1908ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தம் நடத்தினார்களே, அந்தக் கோரல் மில்லும் ஹார்வி நிர்வாகம்தான். அந்த அதிகாரிகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில் பாவா அவர்களுக்கு, பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த கல்தூண்களை வைத்து ஓட்டுக்கூரைக் கிளப் கட்டிக் கொடுத்தார். பிறகு அது ஹோட்டல் ஆயிற்று. கொழும்பில் 33ம் லேனில் உள்ள அவருடைய சொந்த வீட்டிலும் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. அந்த வீடே வேடிக்கையானது. 1958ல் நாலு சின்ன வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாக நாலையும் சேர்த்து, நடுவே சந்தையே முற்றமாக மாற்றிக்கொண்டார்.

பெரிய வேலை 1979ல் வந்தது. ஜெயவர்த்தன அரசு கோட்டையில் புது நாடாளுமன்றம் கட்டித்தரக் கேட்டது. சதுப்பு நிலம். அதைத் தோண்டி ஏரியாக்கி, மேட்டைத் தீவாக விட்டு, செம்புக் கூரைகள் போட்ட மண்டபங்களாக எழுப்பினார்கள். கட்டுமானம் ஜப்பானியக் கம்பெனிகள்; உள்ளே தொங்கும் பனை ஓலை வடிவ விளக்கு லக்கியின் கைவேலை. 1982 ஏப்ரல் 29ல் திறப்பு. மூன்றே வருஷம். அடுத்த வருஷம் ஜூலையில் அந்த நாட்டில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பதை நம்ம கரையில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நல்ல கட்டடத்துக்குள் நல்ல தீர்மானம் மட்டும்தான் நிறைவேறும் என்று எந்த பிளானிலும் வரைய முடியாது.

1980கள் முழுக்க மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகம் நடந்தது. குன்றுகளை வெட்டிச் சமன்படுத்தாமல், சரிவுகளில் தனித்தனிக் கட்டடங்களாகச் சிதறவிட்டு, படிகளாலும் தாழ்வாரங்களாலும் சேர்த்தார். வகுப்பைவிட வகுப்புக்கு வெளியேதான் மாணவர்கள் நிறையப் படிக்கிறார்கள் என்பது தெரிந்தவர் போட்ட பிளான் அது. நம்ம வேப்ப மரத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தாண்டின் முடிவில் பூலோகசுந்தரத்தோடும் கூட்டு முறிந்தது. எழுபது வயதில் பாவா பெரிய ஆபீஸை விட்டு வெளியே வந்து, தன் வீட்டிலேயே சன்ன தஸ்வத்த போன்ற இளைஞர்கள் சிலரை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். ஓய்வு எடுத்திருக்கலாம், வயசும் பெயரும் போதும். ஆனால் அதற்குப் பிறகுதான் தம்புள்ளை பக்கம் கண்டலம ஹோட்டல் வந்தது. சிகிரியா அடிவாரத்தில் இடம் காட்டியவர்களிடம் அது வேண்டாம் என்று சொல்லி, தள்ளி ஒரு பாறைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது; குளம் கெடும், காடு கெடும் என்று ஊர்க்காரர்களும் பிக்குகளும் போராடினார்கள். 1994ல் முடிந்தபோது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டடம், தூண்கள் மேல் நின்று பாறையை ஒட்டிக் கிடந்தது. இன்று கொடிகள் மூடி, எதிர்க்கரையிலிருந்து தேடித்தான் பார்க்கவேண்டும். எதிர்த்தவர்களின் பயம் இல்லாவிட்டால் இவ்வளவு கவனமாகக் கட்டியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

1998ல் பக்கவாதம் தாக்கியது. பேச்சு போய்விட்டது. இளைஞர்கள் வரைபடங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். 2001ல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவரால் நன்றி என்று வாயால் சொல்ல முடியவில்லை. 2003 மே 27ல் காலமானார்.

லுணுகங்கவில் ஈழத்தலரிக் கிளைகள் பக்கவாட்டில் விரியவேண்டும் என்பதற்காக அவற்றில் எடை கட்டித் தொங்கவிடுவாராம். ஐம்பது வருஷம் அந்தத் தோட்டத்தை அவர் வெட்டித் திருத்துவதை நிறுத்தவில்லை. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் குன்று ஒன்று உண்டு. கறுவா மரங்கள் நின்ற இடம். அவருடைய சாம்பலை அங்கேதான் புதைத்தார்கள்.