கேபிள்ல எங்க கோளாறு? அளந்து சொன்ன ஹெவிசைட்

சிக்னல்ஸ் பேப்பர்ல யூனிட் ஸ்டெப் ஃபங்ஷன் போட்ட எல்லாருக்கும் ஹெவிசைட் பேரு தெரியும். ஆனா நெட் விட்டு விட்டு வந்து, வீடியோ நின்னு நின்னு சுத்தும்போதும் நினைச்சுக்க வேண்டிய ஆள் அவர்தான்.

ஆலிவர் ஹெவிசைட் 1850-ல் லண்டனில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலால் காது சரியாகக் கேட்காது. 16 வயசோடு படிப்பு முடிந்தது. காலேஜ் பக்கமே போகாதவர். நம்ம லேப்ல பார்க்கிற பிரிட்ஜுக்குப் பேர் கொடுத்த வீட்ஸ்டன், அவருடைய அம்மாவின் சகோதரியின் கணவர். 1868-ல், இங்கிலாந்து–டென்மார்க் கடலடித் தந்தி கேபிளில் வேலைக்குச் சேர்ந்தார்.

கடலுக்கு அடியில கேபிள் பழுதானா இறங்கிப் பார்க்கவா முடியும்? கரையில் இருந்தே மின்தடையை அளந்து, கோளாறு எவ்வளவு தூரத்தில் என்று கணக்குப் போட வேண்டும். அந்த வேலையில் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒரே கேபிள்தான்; ஆனால் ஒரு திசையில் செய்தி வேகமாகப் போகிறது, எதிர்த்திசையில் மெதுவாக வருகிறது. கேபிள் சரியில்லைன்னு சொல்லி அவர் விட்டுடலை. இரண்டு முனையிலும் சேரும் தரைவழிக் கம்பிகளின் தடை சமமாக இல்லாததுதான் காரணம் என்று கணக்கில் காட்டினார்.

1874-ல், 24 வயசில், வேலையை விட்டார். அப்புறம் எந்த வேலைக்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மேக்ஸ்வெல் புத்தகத்தைத் தானே படித்தார். நாம இன்னிக்கு எழுதுற நாலு மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் வெக்டர் வடிவம் அவர் தந்தது. கோஆக்சியல் கேபிளுக்கு 1880-ல் பேட்டன்ட் எடுத்தார். இம்பீடன்ஸ், இண்டக்டன்ஸ் என்ற சொற்களும் அவருடையவைதான்.

1887-ல்தான் பெரிய மோதல். தொலைபேசியில் தூரம் கூடக் கூடக் குரல் குழம்பியது. இண்டக்டன்ஸ்தான் எதிரி என்று நம்பினார் பிரிட்டிஷ் தபால் துறையின் பொறியாளர் பிரீஸ். ஹெவிசைட் நேர் எதிராகச் சொன்னார்: இண்டக்டன்ஸை இன்னும் கூட்டுங்க! ரெசிஸ்டன்ஸுக்கும் இண்டக்டன்ஸுக்கும் உள்ள விகிதம், லீக்கேஜுக்கும் கெபாசிட்டன்ஸுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமானால், எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில் போகும். அலையின் உருவம் கலையாது. தபால் துறையில் வேலை பார்த்த அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையை பிரீஸ் தடுத்துவிட்டார். கடைசியில் அமெரிக்காவில் பூபின் 1900-ல் லோடிங் காயிலுக்கு பேட்டன்ட் வாங்கிக் காசு பார்த்தார். ஹெவிசைடுக்கு ஒண்ணும் கிடைக்கலை. 1922-ல் முதல் ஃபாரடே பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1925-ல், டார்கீயில் இறந்தார்.

அடுத்த தடவை வீடியோ சுத்துச்சுன்னா, பிளானை மாத்துறதுக்கு முன்னாடி அவர் வழியில ஒவ்வொரு பகுதியா அளந்து பாருங்க. முதல்ல லேப்டாப்பில் இருந்து ரூட்டருக்கு பிங். அங்கேயே நேரம் தாறுமாறா ஏறி இறங்கினா சந்தேகம் வைஃபை மேல; லேன் கேபிள் சொருகி மறுபடி பாருங்க. ரூட்டர் வரைக்கும் சீரா இருந்து, வெளியில இருக்கிற சர்வருக்கு மட்டும் தடுமாறினா, கோளாறு பெரும்பாலும் வீட்டைத் தாண்டித்தான். கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணும்போது அந்த ரெண்டு அளவையும் சொல்லுங்க.