குதிரை வேண்டாம், காற்று போதும்: பட்டத்தால் வண்டி ஓட்டிய ஜார்ஜ் போகாக்

ஆளையே தரதரவென இழுத்துப்போகும் 'பவர் கைட்' வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. அதை வீட்டிலேயே செய்து பார்க்கும் யோசனை இருக்கா? அப்போ முதல்ல ஜார்ஜ் போகாக் கதையைத் தெரிஞ்சுக்கோங்க.

1774-ல் பிறந்த போகாக், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி ஆசிரியர். பட்டம் என்றால் பித்து. 1820களில் தன் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டத்தால் சுமார் 270 அடி உயரத்துக்குத் தூக்கினார். இன்று யாரும் செய்யக்கூடாத சோதனை. நல்லவேளை, சிறுமி பத்திரமாக இறங்கினாள்.

1826-ல், பட்டம் இழுக்கும் 'சார்வோலன்ட்' வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அங்கே சுங்கக் கட்டணம் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவர் வண்டியில்தான் குதிரையே இல்லையே! டோல் கட்டாமலே போகலாம்.

ஆனால் அவருடைய உண்மையான சாதனை வேகம் அல்ல, கட்டுப்பாடு. நான்கு கயிறுகளால் பட்டத்தைத் திருப்பினார். அதன் சாய்வை மாற்றி இழுவையைக் கூட்டினார், குறைத்தார். இன்றைய நான்கு கயிற்று பவர் கைட்டிலும் இதே தத்துவம்தான்: இரண்டு கயிறு இழுக்க, இரண்டு பிரேக் போட.

காற்றை நம்பிய அந்த வண்டி பிழைப்புக்கு உதவவில்லை. 1843-ல் போகாக் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து மார்த்தாவுக்கு ஒரு மகன் பிறந்தான்: கிரிக்கெட் ஜாம்பவான் டபிள்யூ.ஜி.கிரேஸ்.

அன்று அந்தக் கயிறு அறுந்திருந்தால்? அதனால்தான், நீங்க பட்டம் செய்தால் பிரேக் கயிற்றிலிருந்து தொடங்குங்க.