டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தேர்ந்த துறை

மருத்துவம் பயின்றோர் தமக்கெனச் சிறப்புத் துறையொன்றைத் தேர்ந்துகொள்ளும் வேளையில், மதிப்பெண்ணும் வருவாயும் மட்டுமன்றி, அவரவர் இயல்பும் பட்ட துன்பமும் வழிகாட்டுதல் உண்டு. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையாகும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் உயர்பதவி வகித்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். குற்றாலக் குறவஞ்சியைப் பெருமையுடன் போற்றும் தென்காசி வட்டாரத்து மக்களாகிய நாம், கோயில்களில் குறவஞ்சி ஆடிய மகளிரைச் சமூகம் எந்நிலையில் வைத்திருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆடலை ஏற்ற சமூகம் ஆடியவரின் மகளுக்குக் கல்வியளிக்கத் தயங்கிற்று. 1904இல் மகாராசா கல்லூரியில் அம்மையார் சேர விழைந்தபோது, பெண் என்றும் பிறப்பு என்றும் காரணங்காட்டி எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். அக்காலத்துப் பெண் மருத்துவர்க்கு மகப்பேறும் குழந்தை நலமுமே உரிய துறைகளெனக் கருதப்பட்டன. அம்மையாரும் அவ்வழியே தொண்டாற்றினார். ஆயின் அவருடைய தங்கை புற்றுநோயால் வருந்தி மாண்டது அவர் உள்ளத்தை மாற்றிற்று. 1925இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, புற்றுநோய் மருத்துவத்தையும் ஆர்வத்துடன் கற்றார்.

சென்னைச் சட்டமன்றத்தில் துணைத்தலைவராக வீற்றிருந்து தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அம்மரபிலிருந்து விடுபட்டு வந்த சிறுமியரை விடுதிகள் ஏற்க மறுத்தபோது, தம் இல்லத்திலேயே இடமளித்தார். 1930இல் தோன்றிய ஔவை இல்லத்தின் தொடக்கம் அதுவே. விடுதிக் கதவு அடைபடுவதன் வேதனையை நம் சமூகத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று பலர் வினவிய காலம் அது. அம்மையார் தளரவில்லை. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் மகன் டாக்டர் கிருட்டிணமூர்த்தி அங்கு அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்ற டாக்டர் சாந்தா, கைக்கெட்டிய அரசுப் பணியைத் துறந்து 1955இல் அங்குச் சேர்ந்தார். ஒருவரது தேர்வு மற்றொருவரது தேர்வுக்கு வழிவகுத்ததற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1956இல் பத்மபூசண் விருது பெற்ற அம்மையார் 1968ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் நம் கல்விக் கழகத்தின் துணையால் பயிலும் மாணவ மாணவியருள் நாளை மருத்துவராவோர் பலர் உண்டு. அவர்கள் துறை தேர்ந்தெடுக்கும் நாளில், எத்துறை உயர்ந்தது என்று மட்டும் வினவாது, எவருடைய துன்பம் தம் நெஞ்சை உறங்கவிடாது வருத்துகின்றதோ அத்துறையையும் எண்ணிப் பார்ப்பாராக. சமூகம் தந்த கல்வியைச் சமூகத்திற்கே திருப்பியளிக்கும் வழி அதுவாகும்.