தமிழ் அச்சின் தந்தை அண்டிரிக் அடிகளார்



யூபிலி ஆண்டில் திருயாத்திரை செல்வது திருச்சபையின் பழம் வழக்கம். தொலைதூரத் திருத்தலங்களுக்குச் செல்ல எல்லாருக்கும் இயலாது. ஆனால் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் தூரத்திலேயே புன்னைக்காயல் இருக்கிறது. பழையகாயல், ஆத்தூர் வழியாகக் கிழக்கே சென்றால், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில், ஒருபுறம் ஆறும் மறுபுறம் கடலும் சூழ அவ்வூரைக் காணலாம். கடல் ஏறும்போது உப்பு நீர் ஆற்றுக்குள் புகும். வற்றும்போது மணல்திட்டுகள் தலைகாட்டும். அந்த மண்ணில் நமக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை அறிந்துகொண்டு அங்கே செல்வது நலம்.

அவர்தாம் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். 1520-ல் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். யூத மரபில் வந்தவர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கு சபையில் நீடிக்க அவருக்கு இடமில்லாமற் போயிற்று. மனம் தளராமல் கோயிம்பிராவில் கல்வி பயின்று, 1545-ல் இயேசு சபையில் சேர்ந்தார். புனித இஞ்ஞாசியார் தொடங்கிய அச்சபை அவரை ஏற்றுக்கொண்டது. மனிதர் தள்ளிய கல்லைக் கொண்டே ஆண்டவர் நம் கடற்கரையில் ஒரு வீடு கட்டினார்.

1546-ல் இந்தியா வந்த அடிகளார், மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். 1535-க்குப் பின் இக்கரையில் நம் முன்னோர் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்கு அவர்கள் மொழியில் மறைக்கல்வி தருவார் இல்லை. புனித சவேரியார் மொழிபெயர்ப்பாளரை நம்பி அமைத்த விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்துவிட்டது. அதைக் கண்டறிந்து 1544-ல் அவரே திருத்தச் சொன்னார். ஒரு சொல் பிழைத்தால் செபமே பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே அண்டிரிக் அடிகளார் இரவு பகலாகத் தமிழ் பயின்றார். சில மாதங்களிலேயே துபாசி இல்லாமல் மக்களோடு பேசலானார். பின்வரும் குருக்களும் எளிதில் கற்கவேண்டும் என்று தமிழுக்கு இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதி, 1549-ல் அனுப்பி வைத்தார். அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பனில் உள்ளது. 2013-ல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அதே 1549-ல் அந்தோணி கிரிமினாலி அடிகளார் வேதாளையில் மறைசாட்சியாக உயிர்நீத்தார். அவருக்குப் பின் துறையின் தலைமைப் பொறுப்பு இவர் தோள்மேல் ஏறியது. புன்னைக்காயலில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை நிறுவினார். அதைத் தாங்கி நடத்தியவர்கள் நம் கடற்கரை மக்களே. 1553-ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அடிகளாரும் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் தாயகம் திரும்ப எண்ணவில்லை. மீண்டும் தம் மந்தையிடமே வந்தார்.

அவருடைய பெரும் பணி அச்சுப் பணி. 1578 அக்டோபர் 20-ம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூல் அச்சேறியது. பதினாறே பக்கங்கள்! ஆயினும் இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே. அச்சுச் செலவுக்குப் பொருள் தந்தவர்கள் யார்? மூச்சடக்கி முத்தெடுத்த நம் முன்னோர்! சலாபத்தில் உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய காசு, தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்க உதவியது. 1579-ல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1586-ல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வெளிவந்தன.  தம்பிரான் வணக்கத்தின் ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும், அடியார் வரலாற்றின் பிரதி வத்திக்கான் நூலகத்திலும் காக்கப்படுகின்றன. அடியார் வரலாறு 1967-ல் மறுபதிப்பாயிற்று.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கரையிலேயே உழைத்து, 1600-ல் புன்னைக்காயலில் இறையடி சேர்ந்தார். அவருடைய உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

பெற்றோர்களே, ஓர் அந்நியர் நம் செபத்தை நாம் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நம் மொழியைக் கற்றார். அந்த மொழியிலே செபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆங்கிலப் படிப்பு வேண்டாம் என்பதல்ல. பிழைப்புக்கு அது தேவை. ஆனால் மாலையில் குடும்ப செபமாலைக்குப் பின் ஒரு பக்கமாவது தமிழில் பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோர் கேட்டுக்கொண்டிருங்கள், அதுவும் மறைக்கல்வியே.

இந்த யூபிலி ஆண்டில் குடும்பமாகப் புன்னைக்காயலுக்குச் செல்லுங்கள். இராஜகன்னி மாதா ஆலயத்தில் செபித்தபின், ஆறும் கடலும் கூடும் கரையில் சற்றே நில்லுங்கள். அங்கே பிள்ளைகளிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். யூபிலிக்கு நாம் எடுக்கும் கொடியும் தோரணமும் ஒரு நாளில் இறங்கிவிடும். பிள்ளைகள் நெஞ்சில் ஏறிய செபம் இறங்காது.

பனிமய அன்னை நம் அனைவரையும் காப்பாளாக!

உங்கள் பங்குத்தந்தை