வேடசந்தூர் மக்காச்சோளமும் கல்கத்தா மஹாலனோபிஸும்

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல ஏறி நின்னு பார்த்தீங்கன்னா, ஊர் முடியிற இடத்துல இருந்து துண்டு துண்டா தோட்டம் தெரியும். எது தென்னை, எது மக்காச்சோளம், எது சும்மா கிடக்கிற தரிசுன்னு உங்க கண்ணு ஓரளவு பிரிச்சிடும். சுமார் 700 கி.மீ. உயரத்துல சுத்துற செயற்கைக்கோள் அதை எப்படிப் பிரிக்குது? அங்கேதான் பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ் வருகிறார்.

1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தவர். படித்தது பிசிக்ஸ். 1913-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே நம்ம ராமானுஜனுக்கு நெருங்கிய நண்பர். குளிர்ல ஓவர்கோட்டைப் போட்டுக்கிட்டு, கட்டில்ல விரிச்சிருந்த கம்பளிக்கு மேலேயே படுத்து நடுங்கிக்கிட்டு இருந்த ராமானுஜனுக்கு, கம்பளியை விலக்கி உள்ளே நுழைஞ்சு படுக்கணும்னு காட்டிக் கொடுத்தவர் இவர்தான். ஊர் திரும்பும்போது கப்பலில் 'பயோமெட்ரிக்கா' என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைப் படித்துக்கொண்டே வந்தார். அதோடு பிசிக்ஸ் வாத்தியார் புள்ளியியல்காரர் ஆகிவிட்டார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

கல்கத்தாவில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை வைத்து, ஒரு மக்கள் கூட்டம் இன்னொரு கூட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தார். சாதாரணமா ஸ்கேல் வைத்து அளக்கிற தூரம் இங்கே ஏமாத்தும். உயரமும் கை நீளமும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே மாறுது. ரெண்டையும் தனித்தனியா எண்ணினா ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எண்ணின மாதிரி. அதனால ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு பரவியிருக்கு, அளவுகளுக்குள்ள என்ன உறவு என்பதையும் தூரத்துக்குள்ளேயே சேர்த்தார். 1936-ல் வந்த அந்தக் கட்டுரைதான் இன்றைய மஹாலனோபிஸ் தூரம். பைத்தானில் சைப்பை பயன்படுத்துறவங்க தேடிப் பாருங்க, அவர் பேரிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கு.

இப்போ மனுஷனுக்குப் பதிலா பிக்சலை வையுங்க. உயரம், கை நீளத்துக்குப் பதிலா சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி. தென்னந்தோப்பு பிக்சல்களில் மரம், நிழல், மண் எல்லாம் கலந்திருப்பதால் எண்கள் பரந்து கிடக்கும். நல்லா மூடி வளர்ந்த மக்காச்சோளம் ஒரே மாதிரி, நெருக்கமா இருக்கும். சந்தேகமான ஒரு பிக்சல் எந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளிக்குப் பக்கம்னு மட்டும் பார்த்தா தப்பாகும். எந்தக் கூட்டத்தின் பரவலுக்குள் அடங்குதுன்னு பார்க்கணும். ரிமோட் சென்சிங் சாஃப்ட்வேர்களில் இந்தத் தூரம் ஒரு வகைப்படுத்தும் முறையாகவே இருக்கிறது.

இது பாதிக் கதைதான். பயிர் எதுன்னு தெரிஞ்சா போதாது, எவ்வளவு விளையும்னு தெரியணும். அந்தக் காலத்தில் அதிகாரிகள் கண்ணால் பார்த்து, இந்த வருஷம் பன்னிரண்டு அணா விளைச்சல் என்று எழுதுவார்கள். மஹாலனோபிஸ் 1937-ல் வங்காளத்துச் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் அளக்கத் தொடங்கினார். வரைபடத்தில் குலுக்கல் முறையில் இடம் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஆள் போய்ப் பார்க்கணும். ஒரே பகுதிக்கு ரெண்டு குழு தனித்தனியா போகும். ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகுதான்னு பார்த்தாலே யார் திண்ணையில் உட்கார்ந்து எழுதினாங்கன்னு தெரிஞ்சிடும்.

விளைச்சலுக்குச் சின்ன வட்டமா அறுத்து எடை போட்டார். இதில்தான் பி.வி. சுகாத்மேயோடு பெரிய மோதல். சின்ன வட்டம்னா ஓரத்துச் செடியை உள்ளே தள்ளத் தோணும், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்றார் சுகாத்மே. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. இன்னிக்கு அது எவ்வளவு முக்கியம்னா, பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு என்பது நிர்ணயித்த விளைச்சலில் இருந்து உண்மையான விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. மழை பொய்த்த வருஷம் வேடசந்தூர்ப் பக்கம் அறுவடைச் சோதனையில் நாலு கதிர் கூடுதலாக உள்ளே வந்தா, அந்த ஊரில் காப்பீடு செய்த அத்தனை பேருக்கும் பணம் குறையும்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் கனரகத் தொழிலை முன்னால் வைத்து விவசாயத்தைப் பின்னால் தள்ளியவரும் இவரே. பயிரை இவ்வளவு நுணுக்கமா அளந்தவர் அதைச் செய்ததுதான் எனக்கு இன்னும் புரியல.

1972 ஜூன் 28-ல், 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் இறந்தார். சரியா 25 நாள் கழிச்சு, ஜூலை 23-ல், நிலத்தைப் படமெடுக்கவென்றே அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் மேலே போனது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் வரைக்கும் இப்போ வந்தாச்சு. ஆனாலும் அந்தப் படம் சொல்ற விளைச்சல் சரியான்னு பார்க்க, இன்னும் வயலில் கயிறு கட்டி அறுத்து எடை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.