வின்சுலோ அகராதியில் வெள்ளி

வாஷிங்டனுக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்கும் டல்லெஸ் விமான நிலையத்துக்கும் தமிழ் அகராதிக்கும் ஓர் உறவு உண்டு. டாலஸ் விமான நிலையத்தை ஒட்டிய இர்விங்கில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் குழப்பிக்கொள்வதுண்டு. டல்லெஸ் நிலையம் 1962-இல் திறக்கப்பட்டது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லெஸின் பெயர் அதற்கு. அவருடைய கொள்ளுத் தாத்தாதான் மைரன் வின்சுலோ. சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1862-இல், சென்னையில் மாபெரும் தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டவர்.

வின்சுலோ 1789 டிசம்பர் 11 அன்று வெர்மாண்ட் மாநிலத்தின் வில்லிஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். அதே 1789-இல் பாரீசில் லவாய்சியே தம்முடைய புகழ்பெற்ற வேதியியல் நூலை வெளியிட்டார். அதில் 33 தனிமங்களின் பட்டியல் இருந்தது. காலங்காலமாக மூலப்பொருள்களாக எண்ணப்பட்ட நீரும் காற்றும் அந்தப் பட்டியலில் இல்லை. நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள் என்று ஆகிவிட்டது. ஐம்பூதக் கொள்கை ஐரோப்பிய அறிவியலில் முடிவுக்கு வந்த காலத்தில் பிறந்தவர், அதே ஐம்பூதங்களுக்குப் பொருள் எழுதப் பல ஆண்டுகளைச் செலவிட்டார் என்பதுதான் வேடிக்கை.

மிடில்பெரி கல்லூரியிலும் பிறகு ஆண்டோவர் இறையியல் பள்ளியிலும் படித்த வின்சுலோ, 1819 ஜூனில் மனைவி ஹாரியட்டுடன் பாஸ்டனில் கப்பலேறினார். அதே கப்பலில் வந்தவர்களில் ஒருவர் டாக்டர் ஜான் ஸ்கடர். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தா இவர். வின்சுலோ தம்பதியர் 1820-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து உடுவிலில் தங்கினர். ஹாரியட் 1824-இல் அங்கே பெண்களுக்கென்று ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ஆனால் ஹாரியட் 1833-இல் உடுவிலிலேயே காலமானார். வின்சுலோ 1836-இல் சென்னைக்கு இடம் மாறினார்.

அகராதி வேலை அவர் தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சொற்களைத் திரட்டத் தொடங்கி, முடிப்பதற்குள் இறந்துபோனார். அந்த முயற்சியின் தமிழ்ப் பகுதி 1842-இல் மானிப்பாய் அகராதியாக வெளிவந்தது. தமிழ் - ஆங்கிலப் பகுதி வின்சுலோவின் கைக்கு வந்தது. மதப்பணி, பள்ளி, வேதாகமத் திருத்தம் ஆகியவற்றுக்கு நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதற்காக உழைத்தார். இராமாநுச கவிராயர், விசாகப்பெருமாளையர் போன்ற தமிழறிஞர்கள் துணை நின்றார்கள். முடிவில் சேர்ந்தவை 67,452 சொற்கள்.

இந்த அகராதியில் பூதம் என்ற சொல்லைப் பாருங்கள். இயற்கையின் ஐந்து மூலப்பொருள்களும் அதில் உண்டு. பேய்க்கணமும் உண்டு. வெள்ளி என்று தேடினால் உலோகம், கோள், கிழமை மூன்றும் வரும். பொன் என்பது தங்கம் மட்டுமல்ல, உலோகம் என்பதற்கே பொதுப்பெயர். அதனால்தான் இரும்பு கரும்பொன் ஆயிற்று, கோயில் சிலைகள் ஐம்பொன் ஆயின. இரசம் என்பது சாறு, சுவை, பாதரசம். ஈயத்தில் கருமையானது காரீயம், வெண்மையானது வெள்ளீயம். இன்றைய வேதியியலுக்கு இவை இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். நம் முன்னோருக்கு ஒரே பொருளின் இரண்டு வகைகள். ரோமானியர்களும் இவற்றைக் கறுப்பு ஈயம், வெள்ளை ஈயம் என்றே அழைத்தார்கள்.

வின்சுலோ இங்கே வந்தது மதம் மாற்றுவதற்காக. சித்த மருத்துவம், சோதிடம், புராணம் ஆகியவற்றில் உள்ள பல செய்திகள் அவருக்கு நம்பத்தகாதவை. ஆனாலும் அச்சொற்களை ஒதுக்கிவிடவில்லை. தாம் ஏற்காத ஒரு உலகத்தின் சொற்களையும் அவ்வுலகத்தார் கொண்ட பொருளிலேயே பதிவு செய்தார். அவற்றைத் தள்ளியிருந்தால் அகராதி மெலிந்திருக்கும். பழைய வைத்திய ஏட்டை எடுத்துப் படிக்கிற இன்றைய ஆய்வாளருக்கு வழி இன்னும் கடினமாகியிருக்கும். பாடநூலின் வேலை வேறு, அகராதியின் வேலை வேறு. மானிப்பாயில் பணியாற்றிய டாக்டர் கிரீன் 1875-இல் கெமிஸ்தம் என்ற தமிழ் வேதியியல் நூலை வெளியிட்டார். புதிய தனிமங்களுக்கு இடம் தருவது அதைப் போன்ற நூல்களின் வேலை.

அகராதி வெளிவந்த இரண்டே ஆண்டுகளில் வின்சுலோவின் உடல்நலம் குன்றியது. 1864-இல் தாயகம் திரும்பப் புறப்பட்டவர், வழியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அக்டோபர் 22 அன்று காலமானார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊரை அடைய முடியவில்லை.

பின்னால் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதிக்கு இந்த உழைப்பு பெரிதும் உதவியது. பேரகராதியில் சில பொருள்களுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்று ஒற்றை ஆங்கில எழுத்து நிற்கும். அது வின்சுலோவைக் குறிப்பது. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வின்சுலோ அகராதி முழுவதையும் தேடிப் படிக்கலாம். அடுத்த முறை டல்லெஸில் விமானத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தால், வெள்ளி என்று தட்டிப் பாருங்கள்.