ஒகுஸ்ட் அம்புருவாஸ் டார்டியூ

ஒகுஸ்ட் அம்புருவாஸ் டார்டியூ (மார்ச் 10, 1818 – ஜனவரி 12, 1879) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் சட்ட மருத்துவப் பேராசிரியரும் ஆவார். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரான்சின் முதன்மையான சட்ட மருத்துவராக விளங்கினார். பெற்றோராலும் பிற பெரியவர்களாலும் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளின் உடலில் காணப்படும் அடையாளங்களை முதன்முதலில் முறையாகத் தொகுத்து, 1860ஆம் ஆண்டில் வெளியிட்டவர் இவரே. இன்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் குழந்தை வன்கொடுமையைக் கண்டறியும் முறையின் பெரும்பாலான கூறுகள் அந்தக் கட்டுரையிலேயே இடம்பெற்றுள்ளன. ஆயினும் அக்கட்டுரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மருத்துவக் கல்வியில் உரிய இடம் பெறவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

டார்டியூ பாரிசு நகரில் பிறந்தார். இவரது தந்தை அம்புருவாஸ் டார்டியூ செதுக்கோவியக் கலைஞராகவும் நிலப்பட வரைஞராகவும் அறியப்பட்டவர். பாரிசு மருத்துவக் கல்லூரியில் பயின்ற டார்டியூ, குதிரைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளாண்டர்ஸ் என்னும் நோய் குறித்த ஆய்வுக்காக 1843ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் பொதுச் சுகாதாரத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். பொதுச் சுகாதாரம் குறித்து இவர் எழுதிய அகராதி 1852 முதல் 1854 வரையான காலத்தில் வெளிவந்தது. தொழிற்சாலைகளில் பணிபுரிவோரின் உடல்நலம் பற்றியும் எழுதினார்.

பின்னர் சட்ட மருத்துவத் துறைக்கு வந்த டார்டியூ, 1861ஆம் ஆண்டில் பாரிசு மருத்துவக் கல்லூரியில் அத்துறையின் பேராசிரியரானார். 1864 முதல் 1866 வரை அக்கல்லூரியின் முதல்வராகவும், 1867ஆம் ஆண்டில் பிரான்சின் தேசிய மருத்துவக் கழகத்தின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

நீதிமன்றப் பணி

டார்டியூ தம் வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட வழக்குகளில் மருத்துவ வல்லுநராகக் கருத்து வழங்கினார். நஞ்சூட்டல், கழுத்து நெரித்தல், சிசுக்கொலை, பாலியல் குற்றங்கள் எனப் பல வகை வழக்குகள் இவரிடம் வந்தன. 1864ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த கூத்தி டி லா பொம்மரே வழக்கு இவற்றுள் புகழ்பெற்றது. டிஜிட்டாலிஸ் என்னும் தாவர நஞ்சு பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட அவ்வழக்கில், சேகரிக்கப்பட்ட பொருள்களின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தி, அதன் விளைவை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைத்தார்.

இவ்வாறு அன்றாடம் வந்த வழக்குகளே இவரது ஆய்வுகளுக்கு அடிப்படையாக அமைந்தன. ஒரே வகையான பல நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்து, அவற்றின் பொதுக்கூறுகளைத் தொகுப்பது இவரது வழிமுறை ஆகும்.

1860ஆம் ஆண்டுக் கட்டுரை

பாலியல் குற்றங்கள் குறித்த டார்டியூவின் நூல் 1857ஆம் ஆண்டில் வெளிவந்தது. இத்தகைய குற்றங்களுக்கு ஆளானோரில் பெரும் பகுதியினர் குழந்தைகள் என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், குழந்தைகள் மீது இழைக்கப்படும் கொடுமைகள் பற்றிய கட்டுரையைப் பொதுச் சுகாதாரம் மற்றும் சட்ட மருத்துவ ஆண்டிதழில் வெளியிட்டார். அதில் 32 குழந்தைகளின் நிலை விவரிக்கப்பட்டது. அவர்களுள் 18 பேர் இறந்துவிட்டனர்.

அக்காலத்துப் பிரெஞ்சுச் சட்டம் தந்தைக்குப் பரந்த அதிகாரத்தை அளித்திருந்தது. 1804ஆம் ஆண்டின் குடியியல் சட்டத் தொகுப்பின்படி, தன் சொல்லுக்குக் கட்டுப்படாத பிள்ளையைச் சில காலம் சிறையில் அடைக்குமாறு தந்தை கோர முடியும். அடிப்பதும் பட்டினி போடுவதும் குடும்பத்திற்குள் நிகழும் கண்டிப்பாகவே பெரும்பாலும் கருதப்பட்டன. சட்ட மருத்துவ நூல்களும் இதனைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியே டார்டியூ தம் கட்டுரையைத் தொடங்கினார். கொடுமை இழைத்தோரில் பெரும்பாலோர் பெற்றோரே என்பதையும், ஆசிரியர்களும் தொழில் பயிற்றுவோரும் அவர்களுள் அடங்குவர் என்பதையும் அவர் பதிவு செய்தார்.

கண்டறியும் முறை

டார்டியூவின் கட்டுரையில் கூறப்பட்ட அடையாளங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, காயங்களின் எண்ணிக்கையும் வயதும். தற்செயலாகக் கீழே விழும் குழந்தைக்கு ஓரிடத்தில், ஒரே நேரத்தில் காயம் ஏற்படும். துன்புறுத்தப்பட்ட குழந்தையின் உடலிலோ புதிய கன்றல்களும் ஆறிய தழும்புகளும் அருகருகே காணப்படும்.

இரண்டாவது, காயத்தின் வடிவமும் இடமும். கயிறு, பிரம்பு, விரல், நகம் ஆகியவை தத்தம் வடிவத்தைத் தோலில் பதிக்கின்றன. விளையாடும்போது எளிதில் அடிபடாத இடங்களில் உள்ள காயங்கள் ஐயத்திற்கு உரியவை. தீக்காயங்களையும் இவ்வாறே ஆராய வேண்டும்.

மூன்றாவது, உள்ளுறுப்புகளின் நிலை. இறந்த சில குழந்தைகளின் மூளையின் மேற்பரப்பில் இரத்தம் கசிந்து உறைந்திருந்ததை டார்டியூ கண்டார். எலும்பு முறிவுகளையும் குறிப்பிட்டார். எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்னர், பிணக்கூறாய்வின் வழியாகவே இவை அறியப்பட்டன.

நான்காவது, குழந்தையின் தோற்றம். உடல் மெலிவு, வெளிறிய நிறம், அச்சம் உறைந்த முகம் ஆகியவற்றை விவரித்த டார்டியூ, கொடுமை செய்தவரிடமிருந்து பிரிக்கப்பட்டவுடன் அதே முகம் விரைவில் மலர்வதையும் கவனித்தார்.

ஐந்தாவது, பெரியவர்கள் கூறும் விளக்கம். குழந்தை விழுந்துவிட்டது என்றோ நோயுற்றிருந்தது என்றோ கூறப்படும் காரணம் காயத்தோடு பொருந்துகிறதா என்பதை மருத்துவர் சரிபார்க்க வேண்டும்.

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று குற்றத்தை மெய்ப்பிப்பதில்லை. இவை ஒன்றுசேர்ந்து காணப்படுவதே பொருள் உடையது என்பதுதான் கட்டுரையின் சாரம்.

மாணவர்களுடன் முரண்பாடு

பேராசிரியராகவும் முதல்வராகவும் டார்டியூ பணியாற்றிய காலம் அமைதியானதன்று. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக்கு எதிரான உணர்வு பாரிசு மருத்துவ மாணவர்களிடையே வலுத்திருந்தது. பத்திரிகையாளர் விக்டர் நுவாரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பியேர் போனபார்ட் சுட்டுக்கொன்ற வழக்கு, 1870ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தூர் நகரில் விசாரிக்கப்பட்டது. அதில் டார்டியூ அளித்த சாட்சியம் இளவரசருக்குச் சாதகமாக அமைந்தது. இளவரசர் விடுவிக்கப்பட்ட பின்னர், மாணவர்கள் டார்டியூவை வகுப்பு நடத்த விடாமல் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதனால் மருத்துவக் கல்லூரி சில காலம் மூடப்பட்டது.

பிழைகளும் விமர்சனங்களும்

உடல் அடையாளங்களின் மீது டார்டியூ வைத்த நம்பிக்கை சில இடங்களில் அளவு கடந்தது. மூச்சுத்திணறடித்துக் கொல்லப்பட்ட சிசுக்களின் நுரையீரல் உறைக்குக் கீழே சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றும் என்று 1855ஆம் ஆண்டில் எழுதினார். இவை இன்றும் டார்டியூ புள்ளிகள் என அழைக்கப்படுகின்றன. இவற்றைக் கொலைக்கு உறுதியான சான்றாக அவர் கருதினார். வேறு காரணங்களால் ஏற்படும் இறப்புகளிலும் இப்புள்ளிகள் காணப்படலாம் என்பது பின்னர் தெளிவாயிற்று. சிசுக்கொலைக் குற்றம் சாட்டப்பட்ட தாய்மாரைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு உயிர் தொடர்பானது.

தன்பாலுறவு கொள்ளும் ஆண்களை உடல் அடையாளங்களால் இனங்காண முடியும் என்றும் 1857ஆம் ஆண்டு நூலில் டார்டியூ எழுதினார். இது அறிவியல் அடிப்படையற்ற கூற்று ஆகும். இக்கருத்து பல நாடுகளில் இழிவான உடற்சோதனைகளுக்குக் காரணமாக அமைந்தது. குழந்தைகளின் காயங்களைத் திறம்பட வாசித்த அதே வழிமுறை, முன்முடிவோடு பயன்படுத்தப்பட்டபோது தீங்கு விளைவித்தது.

மறைவுக்குப் பிந்தைய மறதி

டார்டியூ 1879ஆம் ஆண்டில் பாரிசில் காலமானார். காயங்கள் பற்றிய அவரது நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. பேராசிரியர் பதவிக்குப் பால் புருவார்டெல் வந்தார். அடுத்த ஆண்டில் ஆல்பிரட் பூர்னியே, சிறு குழந்தைகள் தொடர்பான பொய்யான பாலியல் குற்றச்சாட்டுகளைப் பற்றி மருத்துவக் கழகத்தில் உரையாற்றினார். புருவார்டெலும் தம் விரிவுரைகளில் பொய்ப் புகார்களைப் பற்றி எச்சரித்தார். பாரிசு பிணவறையில் அவர் நடத்திய செயல்முறை வகுப்புகள் பெயர் பெற்றவை. 1885–86 காலத்தில் பாரிசில் தங்கியிருந்த சிக்மண்ட் பிராய்டும் அவற்றில் கலந்துகொண்டார். குழந்தையின் சொல்லை ஐயுறும் போக்கு இக்காலத்தில் மருத்துவரிடையே வலுப்பெற்றது.

டார்டியூவின் பணி முற்றிலும் அழிந்துவிடவில்லை. லியோன் நகரில் அலெக்சாந்தர் லக்கசான் இத்துறையில் மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்தினார். பிரெஞ்சுச் சட்டமும் மாறியது. கொடுமை செய்யும் பெற்றோரின் அதிகாரத்தைப் பறிக்க வழிசெய்யும் சட்டம் 1889ஆம் ஆண்டிலும், குழந்தைகள் மீதான வன்முறைக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1898ஆம் ஆண்டிலும் நிறைவேற்றப்பட்டன. ஆனால் சட்டம் செயல்பட, நோயாளியாக வரும் குழந்தையிடம் கொடுமையின் அடையாளத்தை மருத்துவர் காண வேண்டும். டார்டியூவின் கட்டுரை சட்ட மருத்துவருக்கு உரியதாக, பிணவறையோடும் நீதிமன்றத்தோடும் நின்றுவிட்டது. குழந்தை மருத்துவப் பாடத்தில் அது சேர்க்கப்படவில்லை.

மீண்டும் கண்டறிதல்

1946ஆம் ஆண்டில் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் ஜான் காபி, மூளையுறைக்குக் கீழே இரத்தக்கசிவு இருந்த ஆறு குழந்தைகளின் கை, கால் எலும்புகளில் முறிவுகள் காணப்பட்டதை எழுதினார். அவற்றுக்கான காரணத்தை அவர் அப்போது வெளிப்படையாக உறுதி செய்யவில்லை. 1953ஆம் ஆண்டில் பிரடெரிக் சில்வர்மன், இவை பிறரால் ஏற்பட்ட காயங்களாக இருக்கக்கூடும் என்று விளக்கினார்.

கொலராடோ பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவத் துறையின் தலைவர் ஹென்றி கெம்ப் (1922–1984), அடிபட்ட குழந்தைகளுக்கு இளம் மருத்துவர்கள் இரத்தப்போக்கு நோய், எலும்பு நோய் முதலிய பெயர்களைச் சூட்டுவதைக் கண்டார். 1962ஆம் ஆண்டு ஜூலையில் அவரும் சில்வர்மன் உள்ளிட்ட உடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட கட்டுரை, இந்நிலைக்கு அடிபட்ட குழந்தை நோய்க்கூட்டு என்று பெயரிட்டது. 71 மருத்துவமனைகளிலிருந்து ஓராண்டுக்குத் திரட்டப்பட்ட 302 நிகழ்வுகளில் 33 குழந்தைகள் இறந்ததும், 85 குழந்தைகளுக்கு நிலையான மூளைப் பாதிப்பு ஏற்பட்டதும் அதில் குறிப்பிடப்பட்டன. தம் பிள்ளையைப் பெற்றோரே இவ்வாறு செய்திருப்பர் என்று நம்ப மருத்துவர்களுக்கு மனம் வருவதில்லை என்பதையும் கட்டுரை எடுத்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1967ஆம் ஆண்டுக்குள், அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இத்தகைய ஐயத்தை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின.

காபியும் சில்வர்மனும் கெம்பும் கண்டவற்றுள் பலவற்றை டார்டியூ முன்னரே எழுதியிருந்தார். இதன் பின்னரே அவரது 1860ஆம் ஆண்டுக் கட்டுரை வரலாற்று ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது.

இன்றைய மருத்துவக் கல்வியில்

அமெரிக்காவில் குழந்தை வன்கொடுமை மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டு, அதற்கான முதல் சான்றிதழ்த் தேர்வு 2009ஆம் ஆண்டில் நடத்தப்பட்டது. எனினும் இத்தகைய குழந்தையை முதலில் காண்பவர் பெரும்பாலும் சிறப்பு மருத்துவர் அல்லர். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவராகவோ பயிற்சி மாணவராகவோ அவர் இருக்கலாம். எனவே மருத்துவ மாணவர் அனைவருக்கும் இதன் அடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன.

குழந்தையின் வளர்ச்சிநிலையோடு காயத்தை ஒப்பிடுதல் இப்பயிற்சியில் முதன்மையானது. நடக்கவோ தவழவோ தொடங்காத குழந்தையின் உடலில் கன்றல் இருப்பின் அதற்குக் காரணம் தேட வேண்டும். காது, கழுத்து, வயிறு ஆகிய இடங்களில் உள்ள கன்றல்கள் முழங்காலில் உள்ளவற்றைப் போன்றவை அல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் ஐயம் எழும்போது உடலின் எல்லா எலும்புகளும் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்படுகின்றன. பெரியவர் கூறும் விவரத்தை மாற்றமின்றிப் பதிவு செய்யவும், காயங்களை அளந்து படம் வரையவும், குழந்தையிடம் பதிலைத் திணிக்காமல் கேட்கவும் மாணவர் பழகுகின்றனர்.

எதிர்த்திசையில் தவறு நேராமல் காப்பதும் பயிற்சியின் பகுதியே. இரத்தம் உறைவதில் உள்ள குறைபாடும் எலும்பு எளிதில் முறியும் பிறவிக் குறைபாடும் வன்கொடுமையைப் போலத் தோன்றலாம். ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் முதுகிலும் இடுப்பிலும் பிறவியிலேயே காணப்படும் நீலத் திட்டுகள் கன்றல் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோரிடம் உடற்சோதனையில் எந்த அடையாளமும் தென்படுவதில்லை என்பது இன்று அறியப்பட்டுள்ளது. ஆகவே அடையாளம் இன்மையைக் குழந்தையின் சொல்லுக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது. குற்றவாளியைத் தீர்மானிப்பது மருத்துவரின் பணியன்று. ஐயத்தை உணர்ந்து, ஆராய்ந்து, உரியவர்க்குத் தெரிவித்துக் குழந்தையின் பாதுகாப்பை உறுதி செய்வதே அவரது கடமை ஆகும்.

முதன்மைப் படைப்புகள்

பொதுச் சுகாதார அகராதி (1852–1854)
பாலியல் குற்றங்கள் பற்றிய சட்ட மருத்துவ ஆய்வு (1857)
குழந்தைகள் மீதான கொடுமைகள் பற்றிய சட்ட மருத்துவ ஆய்வு (1860)
நஞ்சூட்டல் பற்றிய ஆய்வு (1867)
சிசுக்கொலை பற்றிய ஆய்வு (1868)
தூக்கிடல், கழுத்து நெரித்தல், மூச்சுத்திணறல் பற்றிய ஆய்வு (1870)
மனநோய் பற்றிய சட்ட மருத்துவ ஆய்வு (1872)
காயங்கள் பற்றிய சட்ட மருத்துவ ஆய்வு (1879)